சும்மா விழித்திருக்கும் சந்திகள்

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். இன்று கிள்ளானில் என் பெயரில் இருபது லோரி ஓடுகிறது. மகள் கணினி சிப் வடிவமைக்கிறாள். ஒரு சிப்புக்குள் பல மூளைகளாம். அவற்றுக்கிடையே தகவலைக் கடத்தும் சந்திகள், வேலையில்லாதபோதும் மின்சாரம் தின்னுமாம். அப்போது அவற்றை அணைத்துவைக்க அவள் போட்ட திட்டத்தை மேலாளர் தள்ளிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடும்போது சொன்னாள்.

"திரும்ப எழுப்ப நேரமாகும், தகவல் காத்து நிக்கும்னு சொல்றாருப்பா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் லோரி முன்கேட்ல நுழையும்போதே, திறந்து வைக்கச் சொல்லிப் பின்கேட்டுக்குப் போன் போயிரும். ஒரு லோரி நின்னதில்ல லா! இதுகூடவா தெரியாது அந்தாளுக்கு?"

"அதேதாம்பா ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன். முன்கூட்டியே அடுத்த சந்திய எழுப்பிடலாம்னு. அவரு மொதப் பக்கத்தோட மூடிட்டாரு."

பெரிய பட்டதாரி, ஒரு தாளைத் திருப்பக் கை வலிக்கிறது! அவருக்கு மேலே இருப்பவரிடம் போகச் சொல்லிக் கத்தினேன்.

"காலையிலேயே அனுப்பிட்டேன். நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

என் மகளாயிற்றே! ஆனாலும் அந்த ஆள்மேல் கோபம் இன்னும் இறங்கவில்லை.