கேட்டுச் சொல்றேன்

என் தங்கச்சிக்கு வீட்டுல நாங்க வெச்ச பட்டப்பேரு "கேட்டுச் சொல்றேன்". ஒரு குடை வாங்கப் போனாலும் கடைக்காரர்கிட்ட அதைத்தான் சொல்லுவா. ஆஸ்பத்திரியில காது பரிசோதனை பண்றது அவ வேலை. கண்ணாடி அறைக்குள்ள ஆளை உட்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா கையைத் தூக்கச் சொல்லுவா. அங்க அவ கில்லாடி. பொண்டாட்டி பேச்சு மட்டும் காதுல விழாத புருஷன்களைக்கூடக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கா. வீட்டுக்கு வரும்போது மட்டும் சொந்த புத்தியைச் செருப்போட சேர்த்து வாசல்லயே கழட்டிடுவா.

இப்படிப்பட்டவளுக்கு மேல்படிப்புக்கு ரெண்டு இடத்துல சீட் கிடைச்சா என்ன ஆகும்? ஒண்ணு இங்கயே, ஏறி உட்கார்றதுக்குள்ள பஸ் போய்ச் சேர்ந்துடும். இன்னொண்ணுக்கு ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். ஆனா பிறவியிலேயே காது கேக்காத குழந்தைங்களைப் பேச வைக்கிற படிப்பு அங்கதான் இருக்கு. அவளுக்கு அந்தக் கிறுக்கு ரொம்ப நாளா. வேற யாரா இருந்தாலும் அன்னைக்கே பெட்டி கட்டியிருப்பாங்க. எந்த இடம்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லியாகணும்.

இவ கேக்கக் கிளம்பினா.

இடுப்பு ஆபரேஷன் ஆகிக் கட்டில்ல கிடக்கிற அப்பாவைக் கேட்டா. "மேல படிக்கணும்னா மாடிக்குப் போயேன், யாரு வேணாம்னா"ன்னு தானே சொல்லித் தானே சிரிச்சார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "பக்கத்துலயே இரும்மா"ன்னார். மாமாவைக் கேட்டா. "எந்த ஊருக்குப் போனாலும் மனுஷனுக்கு ரெண்டு காதுதானே, அதை இங்கயே படியேன்"னார். பெரிய டாக்டரைக் கேட்டா. உன்னை விட்டா எனக்கு ஆள் ஏதுன்னார், சம்பளம் ஏத்தும்போது அந்த ஞாபகம் வராத மனுஷன். எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரரைக்கூட விட்டு வைக்கலை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் என்ன முடிச்சு? எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடினாங்க, பக்கத்துலயே படி. இவளும் பொம்மையாட்டம் தலையாட்டிக்கிட்டே இருந்தா. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு முனையா அப்பாவோட படுக்கை விரிப்பை மடிச்சுக்கிட்டிருந்தோம். அதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை.

"ஊரெல்லாம் கேட்டியே, உனக்கு எது வேணும்னு உன்னையே கேட்டியாடி?"

"தூரத்து இடத்துக்குத்தான் வரேன்னு சொல்லி ஒரு வாரம் ஆச்சுக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப இத்தனை பேரை எதுக்குடி கேட்ட?"

"கேக்கலைன்னா, 'என்னை ஒரு வார்த்தை கேக்கலையே'ன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. இப்பதான் கேட்டாச்சே."

அடிப்பாவி. இவளையா நான் மக்குன்னு நினைச்சேன்? சிரிப்பு வந்தது. சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு தைச்சது.

"என்னை மட்டும் ஒரு வார்த்தை கேக்கலையேடி."

அவ விரிப்பையே பார்த்துக்கிட்டிருந்தா.

"உன்னைக் கேட்டா போன்னு சொல்லுவ. அப்பாவை நான் ஒருத்தியே பார்த்துக்கிறேன், நீ போய்ப் படின்னு சொல்லுவ. அதைக் கேட்டுட்டா என்னால போக முடியாதுக்கா."

கோபமா வந்தது, அழுகையாவும் வந்தது. போன்னா இவ நின்னுடுவா. போகாதேன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

"முனையை ஒழுங்காப் பிடிடி"ன்னேன்.