நோன்பு முடியப் போறோம்

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே பிரிஜ் வந்துவிட்டது. அடுத்த வீட்டார் மன்னாருக்குத் திரும்பிப் போனபோது லொறியில் இடம் போதாமல், பழுதாகிக் கிடந்த அதை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். உம்மா அதைக் கழுவிக் காயவைத்து, மேல் தட்டில் என் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் கீழே அரிசியையும் மாவையும் வைத்தார். எலி ஏறாது, எறும்பு நுழையாது. நுரைச்சோலைப் பக்கத்தில் எங்களுடையதைவிடப் பத்திரமான அரிசி வேறெந்த வீட்டிலும் இருந்திருக்காது.

மின்சாரம் இல்லாததற்கு வறுமை மட்டும் காரணமல்ல, அது வாப்பாவின் கொள்கை. "போகப்போற ஆக்களுக்கு என்னத்துக்குக் கரண்ட்?" என்பார். அதே கேள்வியால்தான் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசவில்லை, வளவில் ஒரு தென்னம்பிள்ளைகூட நடவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்திறங்கிய நாளிலிருந்து 'அடுத்த வருசம் போறோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். யுத்தம் முடிந்த பிறகு அது 'நோன்பு முடியப் போறோம்' என்று சுருங்கியது. நோன்பு வந்தது, முடிந்தது, பெருநாள் கொண்டாடினோம், அடுத்த நோன்பும் வந்தது. என் மூத்தவர் நானாவும் நானும் புத்தளத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள், மன்னாரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் ஒப்புவிப்பதற்கு எனக்கு நாலு வயதிலேயே பழக்கியிருந்தார்கள். எங்கட ஊர் மன்னார், எங்களுக்கு அங்க கிணறும் பதினாறு தென்னையும் இரிக்கி, நோன்பு முடியப் போறோம். கலிமாவுக்கு அடுத்தபடியாக நான் தடுமாறாமல் சொன்னது அதைத்தான்.

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் ஒழுங்கையில் இருந்த பதினொரு வீடுகளில் ஏழு காலியாகிவிட்டன. என்னோடு விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் அந்த ஏழில்தான் இருந்தார்கள். வாப்பா காணியைத் துப்புரவாக்கவென்று மன்னாருக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. உம்மா வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போவார். பதினெட்டு வயது நானா பாலாவி உப்பளத்தில் கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அஞ்சு மணிவரை வீட்டில் நான் மட்டும்தான். காலி வீடொன்றுக்குள் புகுந்து பள்ளிக்கூடம் நடத்துவேன். கரியால் சுவரில் வரவு இடாப்பு எழுதி, போன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, அவரவர் குரலில் நானே பதிலும் சொல்வேன். ஒரு நாளும் ஒருவரும் வராமல் விட்டதில்லை.

அஞ்சு மணிக்கு நானா வருவார். உப்புத்தண்ணீர் அவருடைய குதிகாலை வெடிக்க வைத்திருந்தது. நல்ல தண்ணீர்ப் பேசனுக்குள் காலை வைத்துக்கொண்டு அவர் இருக்க, பக்கத்தில் குந்தியிருந்து அன்றைய கதை முழுவதையும் கொட்டுவேன். பிறகு அவர் ஸ்குறூ டிரைவரை எடுத்துக்கொண்டு பிரிஜ்ஜின் முதுகுப்பக்கம் போவார். கழற்றுவதில் நானா கெட்டிக்காரர்தான், பூட்டும்போதுதான் எப்படியும் இரண்டு ஆணி மிஞ்சும். அந்த ஆணிகளை உள்ளங்கையில் வைத்துக் காத்திருப்பது என் வேலை. ஒரு நாளில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான்.

அப்படியிருக்கப் பள்ளிவாசல் பலகையில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். சிலாபத்தில் ஒரு பயிற்சி நிலையம். இடம்பெயர்ந்த குடும்பங்களையும் வசதியில்லாத குடும்பங்களையும் சேர்ந்த இளைஞர்களுக்குப் பிரிஜ்ஜும் ஏசியும் திருத்தப் பழக்குவார்களாம். ஆறு மாதம் அங்கேயே தங்கவேண்டும், சாப்பாடும் படுக்கையும் இலவசம், முடிவில் சேர்டிபிகேட். நானா விண்ணப்பத்தை மூன்று தரம் எழுதினார். நேர்முகப் பரீட்சையில் ஒரு கொம்பிரசரைக் காட்டி இது என்னவென்று கேட்டார்களாம், இவர் எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜின் வயிற்றில் இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உப்பளத்தை விட்டு வெளியே வர அவருக்கு இருந்த ஒரே வாசல் அது. மிச்சமிருந்தது ஒரு காரியம்தான்.

"போன முறை சேர்ந்த நம்மட ஆக்கள் மூணு பேர் பாதியில விட்டுட்டு மன்னாருக்குப் போயிட்டாங்களாம். அதால வீட்டுக்கு வந்து விசாரிச்சுப் பார்த்துத்தான் எடுப்பாங்களாம்," என்று நானா உம்மாவிடம் சொன்னார். "கேட்டா, நாங்க இங்கதான் இரிப்போம் எண்டு சொல்லுங்க உம்மா."

உம்மா அரிசி அரித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"இங்கதான் இரிப்போம் எண்டு என்ட வாயால சொல்லச் சொல்றியா மகன்? அந்த நேரம் பார்த்து மலக்குமார் ஆமீன் சொல்லிட்டா?"

நாம் என்ன சொன்னாலும் பக்கத்திலிருக்கும் வானவர்களான மலக்குகள் ஆமீன் சொல்லிவிடுவார்கள், ஆகையால் நல்லதையே சொல்லவேண்டும் என்பது உம்மாவின் நம்பிக்கை. இருபது வருடத்துக்கு மேலாகப் போவோம், போவோம் என்று சொல்லி வந்த வாய் அது. இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் நானாவிடம் வந்தார்.

"ஆறு மாசம் இரிப்போம். அவ்வளவுதான் சொல்லுவேன். அதுக்கு மேல கேக்காத."

நானாவுக்கு அதுவே போதும். உம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் காலி வீட்டு இடாப்பில் கடைசியாக நானாவின் பெயரையும் எழுதினேன். கூப்பிட்டும் பார்த்தேன். மற்ற எல்லாருடைய குரலும் வந்தது, நானாவின் குரலில் பதில் சொல்ல மட்டும் எனக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை, குடையும் பைலுமாக ஒரு மிஸ் வந்து வாசலில் நின்றார்.

"நங்கி, அம்மா இல்லையா?" தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்றார், சிலாபத்து ஆள் என்பது கதையிலேயே தெரிந்தது.

"உம்மா தோட்டத்துக்குப் போயிட்டாங்க மிஸ்."

இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டேன். வெயிலில் வந்தவர் பிரிஜ்ஜைக் கண்டதும் முகம் மலர்ந்து, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் கேட்டார். நான் கதவைத் திறந்தேன். என் சமயப் புத்தகத்தையும் அரிசி மூட்டையையும் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நல்ல அண்ணா, இதத் திருத்தத்தான் படிக்கப் போறாரா?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மாதக்கணக்காக அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்து என்னோடு கதைத்த முதல் ஆள் அவர்தான்.

அவர் பூசாத சுவரைப் பார்த்தார். ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். "இங்க எல்லாரும் போயிட்டாங்க போல. நீங்களும் மன்னாருக்குப் போறதா நங்கி?"

"ஓம் மிஸ். எங்கட ஊர் மன்னார். எங்களுக்கு அங்க கிணறும் பதினாறு தென்னையும் இரிக்கி. நோன்பு முடியப் போறோம்."

இதுவரை சொன்னது பழக்கம். நாலு வயதில் பழகியது, கேட்டவுடன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதற்கு என்னை யாரும் குற்றம் சொல்லமுடியாது. நோன்புக்கு அப்போது இரண்டே மாதம்தான் இருந்தது. மிஸ் பைலைத் திறந்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"அண்ணாவும் போறாரா? அவர் இங்க நிப்பார்தானே?"

பிரிஜ்ஜின் மேல் நானாவின் ஸ்குறூ டிரைவர் கிடந்தது. நிற்பார் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எனக்கு அது தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தெரியும்.

"நானாதான் மிஸ் முதல்ல போறார். வாப்பா வீடு கட்டி முடிச்சிட்டார்."

அது பழக்கம் இல்லை. அது என் சொந்தச் சரக்கு. வாப்பா அப்போது காணியில் பற்றை வெட்டிக்கூட முடிக்கவில்லை.

மிஸ் என் தலையைத் தடவினார். "சொந்த ஊருக்குப் போறது நல்லதுதானே நங்கி," என்று சொல்லிவிட்டு எழுதினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை விரித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் யாரோ சொல்லக் கேட்டு உம்மா கையெல்லாம் மண்ணாக ஓடி வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"தண்ணி கேட்டாங்க," என்றேன்.

உம்மா தெருவுக்கு ஓடினார். பஸ் போய்விட்டது. சொல்வதற்கென்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்த 'ஆறு மாசம் இரிப்போம்' கடைசிவரை அவர் வாயிலேயே இருந்துவிட்டது.

பட்டியலில் நானாவின் பெயர் வரவில்லை. காரணம் கேட்க அவரே சிலாபத்துக்குப் போனார். திரும்பி வந்து, "இடம் நிரம்பிட்டாம்," என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரு பெட்டி சோக்கு வாங்கி வந்திருந்தார். பலகையில் எழுதுகிற வெள்ளைச் சோக்கு, முழுப் பெட்டி. சந்தோசத்தில் அதைத் தூக்கிக்கொண்டு காலி வீட்டுக்கு ஓடினேன். ஒருவருக்கும் தெரியாத என் பள்ளிக்கூடத்துக்குச் சோக்கு தேவை என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவில்லை.

உம்மா அந்த 'இடம் நிரம்பிட்டாம்' என்பதை நம்பவில்லை. மிஸ் வந்த அன்று மத்தியானம்தான் தோட்டக்காரரிடம் வழமைபோல நோன்பு முடியப் போறோம் என்று சொல்லியிருந்தாராம். பஸ் நிற்கும் இடம் தோட்டத்து வேலியோரம், இறங்கிய மிஸ்ஸின் காதில் அது விழுந்திருக்கும் என்பது அவர் எண்ணம். "என்ட வாய்தான் என்ட புள்ளைய உப்புக்குள்ள தள்ளினது," என்று அழுதார். நான் சோக்குத் தூள் படிந்த கையோடு கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் ஆசைப்பட்டபடி நானா வீட்டில் இருந்தார். அஞ்சு மணிக்கு வந்து காலைப் பேசனுக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். நான் சொல்லும் கதைக்கு 'ம்' என்பார். பிரிஜ்ஜின் பின்பக்கம் அவர் மறுபடி போகவேயில்லை. அவர் வருமுன்பு இருந்த தனிமையைவிட அவர் பக்கத்தில் இருக்கும்போது இருந்த தனிமை பெரிதாக இருந்தது. அடுத்த வருடம் அவர் கட்டாருக்குப் போனார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வரக்கூடிய சிலாபத்துக்கு ஆறு மாதம் அனுப்ப மனமில்லாத நான், ஒன்பது வருடமாக அவரைப் போனில்தான் பார்க்கிறேன். ஏசிப் பெட்டிகளைத் தோளில் சுமந்து மாடிகளுக்கு ஏற்றுகிற வேலை. அவற்றைப் பூட்டுகிறவர்கள் வேறு ஆட்கள், சேர்டிபிகேட் உள்ளவர்கள்.

போன பெருநாளன்று அவர் போன் எடுத்தபோது, எப்படியோ துணிந்து, "நானா, அண்டைக்கு அந்த மிஸ்ஸுக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியும்," என்றார். "சிலாபத்துக்குப் போன அண்டைக்கே சொன்னாங்க."

"அப்ப ஏன் என்ன ஏசல்ல?"

அங்கே யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "நீ அந்த வீட்டுக்குள்ள தனிய நிண்டு பேர் கூப்பிடுவ. நான் வேலியோட நிண்டு கேட்டிரிக்கேன். என்ட பேரையும் கூப்பிட்டுட்டு அழுதாய். உன்ன என்னெண்டு ஏசுற?" என்றார். பிறகு, "உம்மாட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

இல்லை. வாப்பா உடம்பு முடியாமல் திரும்பி வந்துவிட்டார். கரண்ட் எடுத்தாயிற்று, சுவர் பூசியாயிற்று, வளவில் மூன்று தென்னை காய்க்கின்றன. பிரிஜ்ஜில் இப்போதும் அரிசிதான். நோன்பு முடியப் போறோம் என்று உம்மா சொல்லி இத்தனை வருடமாக நான் கேட்கவில்லை. யாராவது ஊர்க் கதையை எடுத்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார், தன் வாய்க்குப் பயந்து. ஒன்பது வயதில், நானா ஒருவரைத்தான் போகவிடாமல் பிடித்து வைத்தேன் என்று நினைத்திருந்தேன்.