ஒன்றேகால் மணி நிழல்

போன மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையை விட்டு வெளியே வந்து கைபேசியில் மணி பார்த்தேன். ஒன்றேகால். நிமிர்ந்தால் எதிரே விளக்குக் கம்பத்துக்கு நிழல் இல்லை. என் காலடியிலும் செருப்பளவுக்கு ஒரு கறை, அவ்வளவுதான். சூரியன் நேர் உச்சியில். நம் ஊரில் வருஷத்துக்கு இரண்டு முறைதான் இப்படி வரும். அந்த நொடியில்தான் தோன்றியது: இதே நேரம் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் என் பள்ளித் தோழி ஷாமினி ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தால், அதன் நிழல் காட்டும் கோணத்தை வைத்தே அவள் என்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று கணக்கிட்டுவிடலாமே.

குச்சி இல்லை. ஷாமினியோடு பேசியும் ஐந்தாறு மாதமாகிறது. வெயிலில் அப்படியே நின்றிருந்தேன்.

"என்னம்மா தேடுற, காசு விழுந்திருச்சா?" என்றார் பக்கத்துப் பூக்கடை அண்ணன்.

"நெழலு விழலண்ணே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மல்லிகைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

நனைந்த மல்லிகை வாசனை என்றால் எனக்கு நாங்கள் படித்த கிள்ளான்தான் நினைவுக்கு வரும். ஷாமினி வீட்டுச் சாமிமேடைக்கு மேலே தமிழ்நாட்டில் அச்சடித்த தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் அடியில் உட்கார்ந்து கறிபாப் தின்றபடி நாங்கள் போட்ட சண்டைகள் வேறு யார் வீட்டிலும் நடந்திருக்காது. இந்த நொடி மட்டும்தான் உண்மை, மற்றதெல்லாம் போனது போனதுதான் என்பது அவள் கட்சி. நான் அப்போதே இயற்பியல் பைத்தியம்.

"கொமுட்டர் ரயில்ல போறோம். சுபாங் ஜெயாவத் தாண்டிட்டா சுபாங் ஜெயா அழிஞ்சா போச்சு? அங்கேயேதான்லா இருக்கு. நேத்தும் அப்படித்தான்" என்பேன்.

"சரி, நேத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடு" என்பாள்.



பெர்த்தில் வேலை கிடைத்து அவள் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் பெட்டி கட்ட உதவப் போயிருந்தேன். காலண்டரில் ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது என்று போட்டிருந்ததால், ஒன்பதுக்கு மேல் கிளம்பலாம் என்று அவள் அப்பா முடிவு செய்திருந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், நேரம் தவறாதவர். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அங்கிள், ராகுகாலம் சூரிய உதயத்திலேர்ந்து கணக்கு. இந்தக் காலண்டர் ஆறு மணிக்கு விடியிற ஊருக்கு. நமக்கு ஏழுக்கு மேலதான விடியுது? அப்ப நம்ம ராகுகாலம் எட்டே முக்காலுக்கு மேல. ஒம்பதுக்குக் கெளம்பினீங்கன்னா சரியா அதுக்குள்ளயே மாட்டுவீங்க."

எவ்வளவு அழகான விளக்கம் என்று எனக்கே பெருமை. அங்கிள் மோவாயைத் தடவிக்கொண்டார். ஷாமினி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். காலையில் எட்டு மணிக்கு வந்து, சேர்ந்து தோசை தின்று வழியனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு என் அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் எட்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார்.

"அவங்க ஏழு மணிக்கே போய்ட்டாங்களேம்மா. ராவுகாலம் இந்தியாவுக்கு வேறயாம், இங்க வேறயாம். எதுக்கும் ரெண்டும் வேணாம்னு இருட்டோட கெளம்பிட்டாங்க. யாரோ படிச்ச புள்ள சொல்லிச்சாம்லா."

அப்போதுதான் பையிலிருந்த கைபேசியை எடுத்தேன். 'அப்பா கேக்கல. கெளம்பிட்டோம்டி.' நான் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் உள்ளே போயிருப்பாள். பூட்டிய கேட் முன்னால், ரயில் நிலையத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டிலோடு, படித்த பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். முதல் வருஷம் அதைச் சொல்லிச் சொல்லியே ஆறுதல் பட்டுக்கொண்டோம். ஆனால் டிசம்பரில் காலை ஆறு மணிக்கு அழைத்தால் அவள் ஜன்னலில் வெயில் அடிக்கும். என் ஜன்னலில் இருட்டு. பிரபஞ்சம் முழுமைக்கும் பொதுவாக ஒரு 'இப்போது' கிடையாது என்று படித்தபோது வராத வருத்தம், அந்த ஜன்னலைப் பார்த்தபோது வந்தது. படம் வந்து சேர நேரமாவதால், திரையில் நான் பார்ப்பதே சற்று முந்திய ஷாமினியைத்தான். அந்தச் 'சற்று' வாரமாகி, மாதமாகிவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடத்தான் ஆளில்லை.

கிள்ளான் வீட்டில் இப்போது வேறு யாரோ. அங்கிளும் ஷாமினியின் அம்மாவும் மகனோடு பக்கத்து ஊரான காப்பாருக்குப் போய்விட்டார்கள். சாமிமேடை இருந்த சுவரில் யாரோ தொலைக்காட்சி மாட்டியிருக்கிறார்கள், வாசலிலிருந்தே தெரிகிறது. என் கட்சிப்படி நாங்கள் இருவரும் இன்னும் அந்தச் சுவருக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டுதான் இருக்கிறோம். ரயிலிலிருந்து இறங்கி அங்கே போகத்தான் வழியில்லை.

அடுத்த நிழலில்லா மத்தியானம் செப்டம்பர் நடுவில் வருகிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் மரக்குச்சியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மாதிரியே பிளாஸ்டிக் ரூலர் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்றை நாளைக்கு அவளுக்குத் தபாலில் போடப்போகிறேன், உள்ளே ஒரே வரி: 'செப்டம்பர் பதினஞ்சு மத்தியானம் ஒன்னேகாலுக்கு இத வெயில்ல நட்டு ஒரு படம் அனுப்புடி, உன் கட்சியா என் கட்சியான்னு அப்புறம் பேசிக்கலாம்.' என் ரூலருக்கு அன்று நிழல் இருக்காது. அவளுடையதற்கு உண்டு. அது வந்தால் போதும்.