நுரையோடு போன சைக்கிள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மேல்மாடிக்காரர் கட்டடத்தின் பொது வோஷிங் மெஷினில் என் உடுப்புகள் ஓடிக்கொண்டிருக்கையில் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் தட்டினார்.

"இன்று ஞாயிறு. இங்கே மற்றவர்களும் வாழ்கிறார்கள்."

சுவிஸில் ஞாயிறு அமைதி நாள்; தோய்ப்பதும் கழுவுவதும் கூடாது. அடுத்த நாள் முதியோர் இல்லத்துக்கு ஈர யூனிபோர்மோடுதான் வேலைக்குப் போனேன்.

இன்றும் ஞாயிறு. பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்களே, அதில் நானும் கணவரும் போய், ஓடைக்கரையில் ஒரு குட்டிக் கிராமத்தில் இறங்கினோம். தேவாலய மணியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

சுற்றிப் பார்த்துக்கொண்டு போனால், ஓடையோரம் அதே மேல்மாடிக்காரர். சேறு பிடித்த சைக்கிளுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"விடுமப்பா, பாவம் மனுசன்" என்றார் கணவர்.

"நீங்கள் பேசாம இருங்கோ."

கிட்டப் போனேன். அவருடைய ஜெர்மனில், அவருடைய அதே குரலில் சொன்னேன்.

"இன்று ஞாயிறு. இங்கே மற்றவர்களும் வாழ்கிறார்கள்."

பக்கத்து வீட்டு ஜன்னலொன்று திறந்தது. மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. ஈர ஸ்பொஞ்சைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, நுரை வழிந்த சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"இண்டைக்குத்தான் நீர் முழுச் சுவிஸ்காரி" என்றார் கணவர்.

குடியுரிமை நேர்முகத்தில் இதையும் சொல்லலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.