ஷட்டருக்குள் நின்ற கார்

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் கணவருக்கு டயாலிசிஸ். மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்கு நான்தான் கார் ஓட்டுவேன். கார் ஷெட்டின் ஷட்டர் மோட்டார் பழுதானதால் புதிது வாங்கியும் வைத்திருந்தோம். மாட்டவேண்டிய ஆள் நாளைக்கு வாரேனுங்க என்றே நாட்களைக் கடத்தினார். அதுவரை கைச்சங்கிலியை இழுத்துத் திறந்துகொண்டிருந்தேன்.

வைகாசி முகூர்த்த நாளன்று காலை இழுத்தபோது மோட்டாருக்குள் பல்சக்கரம் நொறுங்கியது. சங்கிலி சும்மா சுற்றியது. ஷட்டர் அசையவில்லை.

காய்ச்சலால் முந்தைய முறை டயாலிசிஸ் தவறியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் அவர் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். வாடகைக் கார்கள் எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டன. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுலதான் எங்கண்ணனை ஏத்துனோம். திரும்பி ஊட்டுக்கு வரலை. நான் ஏறமாட்டேன் புள்ள."

"ஏனுங்க, நானே மாட்டிப் பாக்கறேன். முடியலைன்னா கூப்பிட்டுருவேன். அப்பறம் எதுவும் சொல்லக்கூடாது."

தலையாட்டினார்.

வீட்டிலிருந்து ஷெட்டுக்குள் போகும் சின்னக் கதவருகே அவரை உட்காரவைத்தேன். மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் பல வருஷம் வேலை பார்த்தவர். எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது என்று மூச்சு வாங்கியபடி சொன்னார். துருவேறிய ஒரு போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனர் நழுவி விரல் முட்டி கிழிந்தது. ஏணி மேலேயே அழுதேன். தேங்காய் எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டித் திருகிக் கழற்றினேன். பழையதை இறக்கிவிட்டு, புது மோட்டாரைக் கயிற்றில் கட்டி, கயிற்றை விட்டத்தின் மேல் போட்டு இழுத்து ஏற்றினேன். கை மரத்துப்போனது. கீழே பார்த்தால் அவர் கண்ணை மூடியிருந்தார். கூப்பிட்டேன். பதிலுக்கு விரலை மட்டும் தூக்கினார்.

போல்ட்டுகளை முடுக்கி, சங்கிலியை மாட்டி, வயர்களை இணைத்து, மெயினைப் போட்டு, ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். ஏறவேண்டிய ஷட்டர் இன்னும் கீழே இறங்கப் பார்த்து, தரையில் முட்டி மடங்கியது. சட்டென்று நிறுத்தினேன்.

"வயரை மாத்திக் குடு," என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

மெயினை மறுபடி அணைத்து இரண்டு வயர்களை இடம் மாற்றினேன். மெயினைப் போட்டுப் பொத்தானை அழுத்தியதும் கிறீச்சிட்டுக்கொண்டே ஷட்டர் ஏறியது. கார் போகும் உயரம் வந்ததும் நிறுத்திவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நேரமாகிவிட்டதால் ஆஸ்பத்திரியில் அவருடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததுமே நர்ஸ் ஆக்ஸிஜன் வைத்து, அடுத்துக் காலியான இயந்திரத்தில் சேர்த்தார். கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்கு மேல்தான் மூச்சு சீரானது. கண் திறந்தவர் என் விரலைப் பார்த்து, மருந்து போட்டியா என்று கேட்டார்.