புதுப் பூனைகளுக்கு நாள் குறித்த சோபாக்கா

தெருவில் அவளை எல்லோரும் சோபாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, புதுத் துணி போட்டுத் தருவது அவள் தொழில். வாயும் ஊசி மாதிரிதான், ஆனால் தைப்பதற்குத்தான் குத்துவாள். முன்னறையில் பட்டறை, பின்னால் வீடு. புருஷன் வேன் ஓட்டுகிறவர், சோபாக்களை ஏற்றி இறக்குவதும் அவரே. கூட மூன்று பூனைகள்.

"சோபா தைக்கிற வீட்டுல பூனையா?" என்று சிரிக்காத வாடிக்கையாளர் கிடையாது.

"இந்த சோபாவைப் பிராண்டினது உங்க வீட்டுப் பூனை. என் பூனைங்களுக்கு மரியாதை தெரியும்" என்பாள். உண்மையில் அவற்றை அவள் பட்டறைக்குள் விட்டதே இல்லை.

மழை தொடங்கியபோது ஒரு தொற்றுநோய் வந்து குண்டனையும் சின்னவளையும் அடுத்தடுத்துக் கொண்டுபோய்விட்டது. மூன்றாவதான வாலு மட்டும் எப்படியோ தேறியது. தேறியதே தவிர, பழைய சேட்டை ஒன்றும் இல்லை. கதவோரம் உட்கார்ந்து, போன இரண்டும் வருமென்று பார்த்துக்கொண்டே இருக்கும். வைத்த சாப்பாட்டில் பாதி அப்படியே கிடக்கும்.

புருஷனுக்குப் பொறுக்கவில்லை. "பாவம்மா அது. துணைக்கு ரெண்டு குட்டி எடுத்துட்டு வந்துடறேன்."

"எடுத்துட்டு வந்து? அதுங்களையும் புதைக்கவா?"

பூனைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், அவசரப்பட்டுக் குட்டியைக் கொண்டுவந்தால் பிழைக்காது. வாலு வாடுவதை சோபாக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் முடியாது என்றால் முடியாது.

வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தரையெல்லாம் பிளீச்சிங் தண்ணீர். சாப்பாட்டுத் தட்டு, மண் தொட்டி, விளையாட்டுப் பந்து எல்லாம் குப்பைக்குப் போயின. புருஷன் செருப்பைக்கூட விடவில்லை. சில மாதங்கள் ஓடியதும், "இப்ப குட்டிங்க வரலாம்" என்று உத்தரவு போட்டாள். அவர் அந்த நிமிஷமே வேன் சாவியை எடுத்துவிட்டார்.

கிளம்பும்போதுதான் ஜன்னலோர மெத்தை அவர் கண்ணில் பட்டது. மூன்று பூனைகளும் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும் மெத்தை. பளிச்சென்று இருந்தது.

"இது எப்ப வாங்கின?"

"வாங்கறதா? நானே துணி மாத்தினேன்."

"உள்ள இருக்கிறது?"

உள்ளே இருந்தது அதே பழைய பஞ்சு. மக்கிப்போன பஞ்சின்மேல் புதுத் துணி போட்டுத் தரச் சொல்கிறவர்களை அவள் வாசலிலேயே திட்டி அனுப்புவாள். அதே வேலையைத் தன் வீட்டிலேயே செய்து வைத்திருந்தாள். கைப்பழக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த மெத்தையில் குண்டன் படுத்துப் படுத்து விழுந்த பள்ளம் இருந்தது. அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கத்தரியை எடுத்துக் கிழித்தாள். உள்ளே பழுப்பாகக் கறை படிந்திருந்தது. பையில் போட்டு இறுக்கிக் கட்டி அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அந்த வெறும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு அந்த மூலையையும் தேய்த்தாள். "மறுபடி முதல்லேர்ந்து காத்திருக்கணும்" என்றாள். அவர் வேன் சாவியை ஆணியில் மாட்டினார்.

காத்திருந்தார்கள். டாக்டரம்மா போதும் என்று சொன்னபிறகு, வளர்ந்து தடுப்பூசியெல்லாம் முடிந்த இரண்டு பூனைகளை அவரிடமே பார்த்து வைத்தார்கள். அவற்றைக் கொண்டுவரக் கூடை தயாரானது. அத்தனை நாளும் அவசரப்பட்ட மனுஷன் அப்போதுதான் பின்வாங்கினார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமேம்மா. எனக்குப் பயமா இருக்கு. புதுசுங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? கிருமி போகட்டும்னு காத்திருந்தோம், போயிருச்சு. பயமும் போகட்டும்னு உட்கார்ந்தா வாலுவுக்கு வயசாகிப் போயிடும். பயம் போகாதுங்க. அதையும் வச்சுக்கிட்டுத்தான் வளர்க்கணும். பிடிங்க கூடையை."

அவர் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் அவள் பிடித்தாள். இருவருமாக வேனைப் பார்த்து நடந்தார்கள்.