பெயின்டர் மாமாவின் முகமூடி

பிடிக்காத பாட்டு ஓடினால் மாமா கழுத்தில் தொங்கும் முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொள்வார். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அது வேலைக்கான முகமூடி. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்க்கிறேன், பெயின்ட் நெடிக்குப் போட்டதைவிடப் புது ஆல்பங்களுக்குப் போட்டதுதான் அதிகம்.

மெட்டல், ஹார்ட்கோர் என்று கிட்டார் அலற, தொண்டை கிழியக் கத்தும் பாட்டுகள் தவிர வேறெதையும் அவர் கேட்பதில்லை. பட்டறையில், பெயின்ட் தெளிக்கக் காற்றடிக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில்தான் ஸ்பீக்கர். இந்த வருடம் வந்த எதுவும் அவருக்குத் தேறவில்லை.

"டிரம்ம எவனும் அடிக்கல, கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சிருக்கான். ஒடுக்க எடுக்காம பட்டி பூசி மறைச்ச வண்டி இது. தட்டினா உதிரும்."

"நீங்க முன்ன விரும்பிக் கேட்ட பழைய குழு, மாமா?"

"முன்ன பல்லு இருந்துச்சு. இப்ப பல்செட்ட மாட்டிக்கிட்டு கடிக்கிறானுங்க."

"புது ஹார்ட்கோர் பசங்க?"

"வயிறு முட்ட தின்னுட்டு வந்து கோவப்படுறான். த்தூ. நம்ம கம்ப்ரசரே தேவல. அதுக்காவது எப்ப நிறுத்தணும்னு தெரியும்."

ஒடுக்கு எடுக்கும் டிங்கர் சிரித்தார். "நீங்க கேக்கலன்னா அவங்க கடைய மூடிருவாங்களாண்ணே?"

"மூடட்டும். காது பொழைக்கும்."

இந்த வாய்க்காகத்தான் எங்கள் ஆல்பத்தை அவரிடம் கொண்டுபோனேன். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எது செய்தாலும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நண்பர்களோடு சேர்ந்து நான் தொண்டை கிழியக் கத்திப் பதிவு செய்த ஆறு பாட்டையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா, காதைப் பொத்திய கையை எடுக்காமலே. எனக்குக் கத்த வருமா வராதா என்று ஒருத்தராவது உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமா பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே முகமூடியைப் போட்டுக்கொண்டார். அன்று பெயின்ட் அடிக்க வண்டி எதுவும் இல்லை. ஆறு பாட்டும் ஓடி முடிந்தன. கண் மட்டும்தான் தெரிந்தது. அதுவும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி மாமா?"

"இன்னொரு வாட்டி கேட்டுட்டு சொல்றேம்மா."

எந்த ஆல்பத்துக்கும் அவர் இரண்டாம் வாய்ப்புக் கொடுத்ததில்லை. பிடித்திருந்ததா, இல்லை அக்கா மகள் படித்தவள் என்ற மரியாதையா? மரியாதை என்றால், அது எனக்கு வேண்டாம்.

இன்றைக்கும் வாரம் ஒரு ஆல்பத்தை அவர் கிழிக்கிறார். "எங்களோடது?" என்றால் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கதவைத் தேய்க்கப் போய்விடுகிறார். ஊரில் எல்லோருக்கும் திட்டுக் கொடுத்தாயிற்று. எனக்குச் சேர வேண்டிய திட்டு மட்டும் அவரிடம் பாக்கி நிற்கிறது.